மலிவு சிடி பிளேயர்: காதுக்கும் காசுக்கும் காவல்

அலமாரியில் தூங்கும் பழைய சிடிகளைக் கேட்க வேண்டும் என்ற ஆசையில், கையடக்க சிடி பிளேயர் வாங்குகிறவர்கள் மறுபடியும் தென்படுகிறார்கள். 1984-இல் சோனி நிறுவனம் டி-50 என்ற பிளேயரைக் கொண்டுவந்தபோது அது வசதி படைத்தவர்களின் பொருள். இன்று கேள்விப்படாத பெயர்களில், சில ஆயிரம் ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைக்கிறது. விளம்பரம் குறுக்கே வராமல் ஒரு ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை தனியாகக் கேட்பது சுகம்தான். ஆனால் செல்போனில் பாட்டு கேட்டுப் பழகியவர்களுக்கு ஒரு விஷயம் உறைப்பதில்லை. சத்தம் எல்லை மீறினால் இன்றைய செல்போன்கள் பலவும் திரையில் எச்சரிக்கும். மலிவு சிடி பிளேயருக்கு அந்த வாய் கிடையாது.

எல்லை எது? 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிறது. 83 என்றால் 20 மணி, 89 என்றால் 5 மணி, 95-ஐத் தொட்டால் வாரம் முழுவதற்கும் சேர்த்தே ஒன்றேகால் மணி நேரம்தான். உட்காதில் பிறவியிலேயே அமைந்த நுண்மயிர் செல்கள் சுமார் 15,000. அவை செத்தால் மறுபடி முளைக்காது.

மலிவு பிளேயரில் இந்த எல்லையை நாமறியாமலேயே தாண்டிவிடுகிறோம். பெட்டியோடு இனாமாக வரும் இயர்போன் வெளிச்சத்தத்தைத் தடுக்காது. டவுன் பஸ்ஸின் இன்ஜின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால், அந்த இரைச்சலை மீறிப் பாட்டு கேட்கவே வால்யூமை ஏற்ற வேண்டியிருக்கும். பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகு அதைக் குறைக்க யாருக்கும் நினைவிருக்காது. இன்னொரு வில்லங்கம் சிடியிலேயே இருக்கிறது. எண்பதுகளில் வந்த சிடிகள் பொதுவாகத் தணிந்த சத்தத்தில் பதிவானவை. தொண்ணூறுகளின் பிற்பகுதிக்குப் பிறகு போட்டி போட்டுக்கொண்டு சத்தத்தைக் கூட்டினார்கள். பழைய சிடிக்காக ஏற்றிவைத்த வால்யூமில் புதியதைப் போட்டால் முதல் நொடியே காதில் அறையும். ஆகவே சிடி மாற்றும்போதெல்லாம் வால்யூமை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு, பாட்டு தொடங்கிய பின் மெல்ல ஏற்றுங்கள். பழைய சோனி பிளேயர் கிடைத்தால், பல மாடல்களில் 'ஏவிஎல்எஸ்' என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். சத்தத்துக்குக் கடிவாளம் அதுதான், போட்டே வையுங்கள்.

கேட்டு முடித்த பிறகு காதில் 'ங்ஙொய்' என்று ரீங்காரம் இருந்தாலோ, அடைத்தாற்போல இருந்தாலோ, அன்றைய அளவு மீறிவிட்டது என்று பொருள். அது அடிக்கடி வந்தால் ஆடியோகிராம் (கேட்கும் திறனைக் காட்டும் வரைபடம்) எடுத்துவிடுவது நல்லது. சத்தத்தால் வரும் பாதிப்பு பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளமாகத்தான் முதலில் தெரியும். பேச்சு கேட்பதில் குறை அப்போது தெரியாது. அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் காது-மூக்கு-தொண்டைப் பிரிவில் விசாரியுங்கள். ஒரு காது மட்டும் திடீரென்று கேட்காமல் போனால் நாளை பார்க்கலாம் என்று விடக்கூடாது. அன்றே போக வேண்டும், மருந்து பலிக்கும் காலம் குறைவு.

இன்னொன்று. தண்டவாளத்தைக் கண்ட இடத்தில் கடப்பதே ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவின்படி குற்றம். காதில் பாட்டோடு கடப்பவர் விஷயத்தில் வழக்குப் போட ஆள் மிஞ்சுவாரா என்பதே சந்தேகம்.

மின்சாரப் பக்கம் வருவோம். பழைய பிளேயர்கள் பல 4.5 வோல்ட் டிசி-யில் ஓடுபவை. பின் பொருந்துகிறதே என்று வீட்டில் கிடக்கும் 9 வோல்ட் அடாப்டரைச் செருகினால் புகைதான். வோல்ட் மட்டும் சரியாக இருந்தால் போதாது. ஜாக் பக்கத்தில் ஒரு புள்ளியும் அரைவட்டமும் போட்டு பிளஸ், மைனஸ் காட்டும் குறி இருக்கும். அடாப்டரிலும் அதே குறி இருக்க வேண்டும். சார்ஜ் ஏற்றும் வசதியுள்ள பிளேயரில் சாதாரண டிரை செல்லைப் போட்டு அடாப்டரைச் செருகாதீர்கள், கசியும், வெடிக்கவும் செய்யும். அடாப்டருக்கும் ரீசார்ஜபிள் பேட்டரிக்கும் இந்தியாவில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு கட்டாயம். 'ஆர்' என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவு எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் உண்மையா போலியா என்று தெரிந்துவிடும்.

சிடி ஓடவில்லை என்றால் மூடியைத் திறந்து, உள்ளிருக்கும் சுவிட்சைக் குச்சியால் அழுத்திப் பிடித்து, லென்ஸில் வெளிச்சம் வருகிறதா என்று உற்றுப்பார்க்கும் வழக்கம் உண்டு. அது வேண்டாம். 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர் அது. கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாது, அதனால் இமையும் தானாக மூடாது.

இனி காசு. "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று பில்லில் அச்சடித்திருப்பதைப் பார்த்ததும் பலர் வாயை மூடிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பழுதான பொருளுக்கு அந்த வாசகம் செல்லாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பில்லில் குறித்த கெடுவுக்குள், கெடு எதுவும் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், பழுதான பொருளைத் திரும்ப எடுத்துப் பணத்தைத் தர மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது. பில் தராமல் விற்பதும் அதே கணக்குத்தான். ஆகவே பில் இல்லாமல் ஐம்பது, நூறு குறைத்துத் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால், அந்த நூறு ரூபாய்க்கு நம் உரிமைக்கான சாட்சியத்தை விற்கிறோம்.

ஆன்லைனில் வாங்கினால், விற்பவர் பெயர், முகவரி, தயாரான நாடு ஆகியவை தளத்தில் இருக்க வேண்டும். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வையுங்கள். புகார் கொடுத்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதி. இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை; இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். மூவாயிரம் ரூபாய் பொருளுக்கு ஆணையம் வரை போவதா என்று தோன்றலாம். அந்தத் தயக்கத்தை நம்பித்தான் பல விற்பனையாளர்கள் பதில் போடாமல் இருக்கிறார்கள். ஒரு வக்கீல் நோட்டீஸ் பாணிக் கடிதத்தைப் ஸ்பீட் போஸ்டில் அனுப்பினாலே அசைகிறவர்கள் உண்டு.

சிடி விஷயத்தில் ஒரு வார்த்தை. வாங்கிய சிடியைத் தனியாகக் கேட்க எவர் அனுமதியும் வேண்டாம். பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டை ஏற்கிறது. அதே சிடியைக் கடையில் ஸ்பீக்கரில் போட்டால் உரிமம் வேண்டும். அசல் சிடியின் உறையில் தயாரித்தவர் பெயர், முகவரி, உரிமையாளர், முதலில் வெளியான ஆண்டு எல்லாம் இருக்க வேண்டும் என்கிறது 52ஏ பிரிவு. இவை எதுவும் இல்லாமல், கலர் ஜெராக்ஸ் உறைக்குள் நீலமோ பச்சையோ மினுங்கும் தட்டை அசல் என்று தலையில் கட்டினால், பிளேயருக்குச் சொன்ன அதே வழியில் அதற்கும் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.