நூற்றில் மூன்று உயிர்கள்

தலையில் அடிபட்டு நினைவிழந்து வருகிறவர்களுக்கு ஸ்டீராய்டு கொடுப்பது 30 ஆண்டுகளுக்கும் மேலாகப் பல நாட்டு மருத்துவமனைகளில் வழக்கமாக இருந்தது. அடிபட்ட மூளை வீங்கும், ஸ்டீராய்டு வீக்கத்தை வற்றவைக்கும், அதனால் ஆள் பிழைப்பார் என்பது கணக்கு. 1997 வரை நடந்த சிறு ஆய்வுகளை ஒன்றாகக் கூட்டியபோது மொத்தம் சுமார் 2,000 நோயாளிகள்தான் இருந்தார்கள். நன்மையா தீமையா என்று அதை வைத்துச் சொல்ல முடியவில்லை. லண்டனை மையமாகக் கொண்ட 'கிராஷ்' ஆய்வு அந்தக் கேள்விக்காகவே எழுந்தது. 49 நாடுகளின் 239 மருத்துவமனைகளில் 10,008 பேர் சேர்க்கப்பட்டார்கள். யாருக்கு ஸ்டீராய்டு, யாருக்கு மருந்துப்போலி என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. 20,000 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டிருந்த ஆய்வு 2004-இல் பாதியில் நிறுத்தப்பட்டது. இரண்டு வாரங்களுக்குள் இறந்தவர்கள் மருந்துப்போலிப் பிரிவில் 17.9 சதவீதம், ஸ்டீராய்டுப் பிரிவில் 21.1 சதவீதம். காப்பாற்றும் என்று நம்பிக் கொடுத்த மருந்து உயிரைப் பறித்துக்கொண்டிருந்தது.

நூற்றில் மூன்று என்ற இந்த வித்தியாசம் எவ்வளவு திறமையான மருத்துவரின் கண்ணிலும் படாது. மருந்தே கொடுக்காவிட்டாலும் பதினெட்டுப் பேர் இறக்கிறார்கள். கூடுதலாக இறந்த மூவரை அவர்களிடமிருந்து பிரித்துக்காட்ட உடலில் எந்த அடையாளமும் இல்லை. ஆயிரக்கணக்கானவர்களை எண்ணிப் பார்த்தால்தான் அது புலப்படும். அத்தனை பேரைச் சில ஆண்டுகளில் ஒரே நாடு சேர்ப்பது மிகக் கடினம்.

சிகிச்சை வசதி ஊருக்கு ஊர் மாறும்போது இந்த எண்களைக் கூட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. குலுக்கல் முறையில் ஒரே விதமான வசதியில் இருப்பவர்களே இரு பிரிவுகளுக்கும் போகிறார்கள். ஆகவே அந்த வேறுபாடு முடிவைக் கோணலாக்குவதில்லை. நினைவிழந்த ஏழை நோயாளிகளைச் சோதனைப் பொருளாக்குவதா என்பது இன்னும் கனமான கேள்வி. ஆனால், விளைவு தெரியாத மருந்தை 30 ஆண்டுகள் கொடுத்ததும் சோதனைதான், இறந்தவர்களை ஒப்பிட்டு எண்ண அங்கே ஆளில்லை, அவ்வளவே. ஒரு நிபந்தனையை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது: பலன் தரும் மருந்து, ஆய்வில் பங்கேற்ற ஊர்களுக்குக் கட்டுபடியாக வேண்டும். ரத்தப்போக்கைத் தடுக்கும் டிரானெக்சாமிக் அமிலம் அப்படிப்பட்டது. 1960-களில் ஜப்பானில் உட்டாகோ ஒகமோட்டோவும் அவர் கணவரும் கண்டறிந்த, விலை மலிவான மருந்து. தலையில் அடிபட்டவர்களிடம் அதைச் சோதித்து, 29 நாடுகளில் 12,737 பேரிடம் நடந்த 'கிராஷ்-3' ஆய்வு 2019-இல் வெளிவந்தது. மொத்தத்தில் முடிவு ஐயத்துக்கு இடமில்லாததாக அமையவில்லை. ஆனால் லேசான, நடுத்தரக் காயம்பட்டவர்களுக்கு மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தபோது தலைக்காய மரணங்கள் குறைந்தன. எவ்வளவு சீக்கிரம் கொடுக்கப்பட்டதோ, அவ்வளவு பலன். இனி ஆராய வேண்டியது, அடிபட்டவர் மருத்துவமனைக்கு வந்துசேரும் வரை காத்திராமல் அந்த மருந்தைச் சாலையோரத்திலேயே எப்படிக் கொடுப்பது என்பதுதான்.