கியர்பாக்ஸின் அடியைத் திறந்து பார்த்தால்

ஆட்டோமேட்டிக் கார் ஓட்டுபவர்களில் பலருக்கு, தங்கள் கியர்பாக்ஸுக்குள்ளும் ஒரு ஃபில்டர் இருப்பது தெரியாது. இன்ஜின் ஆயில் ஃபில்டர் வெளியே தெரியும், திருகி எடுத்துவிடலாம். கியர்பாக்ஸ் ஃபில்டர் பெரும்பாலும் அடியிலுள்ள ஆயில் சேம்பருக்குள் மூழ்கிக் கிடக்கிறது. அதை எடுக்க சேம்பரைக் கழற்ற வேண்டும். பிறகு ஒரு சொட்டும் கசியாமல் திரும்பப் பூட்ட வேண்டும். கழற்றுவது சுலபம். பூட்டுவதில்தான் பல பட்டறைகள் கோட்டை விடுகின்றன.

ஜெனரல் மோட்டார்ஸ் 1939இல் அறிவித்து, 1940ஆம் ஆண்டின் ஓல்ட்ஸ்மொபீல் கார்களில் பொருத்திய ஹைட்ராமேட்டிக்தான் பெருமளவில் தயாரிக்கப்பட்ட முதல் முழு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். அன்றிலிருந்து இன்றுவரை உள்ளே வேலை செய்வது ஆயில்தான். இன்ஜினின் சுழற்சியைக் கியர்களுக்குக் கடத்துவது, கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பது, தேய்மானத்தைத் தடுப்பது, சூட்டை வெளியே கொண்டுபோவது எல்லாமே அதன் பொறுப்பு. வழுக்கவும் வேண்டும்; கிளட்ச் தட்டுகளுக்கு நடுவே சரியான அளவு பிடிக்கவும் வேண்டும். இந்த முரணான குணத்துக்காக ஒரு காலத்தில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைக் கலந்தார்கள். 1970இல் அமெரிக்கா அந்த இனத்தை அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்த்த பிறகே வேதியியலாளர்கள் மாற்றுப் பொருட்களைத் தேடிப் போனார்கள். ஒரு பெரும் உயிரினத்தைக் கொன்றுதான் கியர் மாற வேண்டும் என்றிருந்த நிலை ஒழிந்ததில் எனக்கு உண்மையான நிம்மதி.

கிளட்ச் தட்டின் உராய்வுப் பரப்பு பெரும்பாலும் தாவர நாரும் பிசினும் சேர்ந்த ஒருவகைக் காகிதம். ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் அது துளித்துளியாகத் தேய்கிறது. உருக்குப் பாகங்களும் தேய்கின்றன. இந்தத் துகள்கள் ஆயிலோடு சுற்றிவந்து, ஆயிலை வழிநடத்தும் வால்வு பாடியின் மெல்லிய இடுக்குகளில் சிக்கினால், வால்வு நகரத் தயங்கும். கியர் தாமதமாக விழும், அல்லது உதைத்துக்கொண்டு விழும். ஃபில்டர் தேவைப்படுவது இதற்காக.

அப்படியானால் மிக நுண்ணிய ஃபில்டரைப் போட்டுவிடலாமே? முடியாது. இந்த ஃபில்டர் பம்புக்கு முன்னால், உறிஞ்சும் பக்கத்தில் இருக்கிறது. பம்பு தாண்டியபின் ஆயிலின் அழுத்தம் 10 பாருக்கும் மேலே போகலாம். உறிஞ்சும் பக்கத்திலோ ஆயிலைத் தள்ளிவிட நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் மட்டுமே உண்டு. அது ஏறக்குறைய 1 பார். வண்டி குளிர்ந்திருக்கும்போது ஆயில் கெட்டியாக இருக்கும். கூழை ஸ்ட்ராவில் உறிஞ்சிப் பார்த்தவருக்குப் பம்பின் சிரமம் புரியும். ஃபில்டர் மிக நெருக்கமாக இருந்தாலோ அடைத்துக்கொண்டாலோ பம்புக்குள் வெற்றிடக் குமிழிகள் தோன்றும், அழுத்தம் விழும், கிளட்ச் நழுவும், நழுவும் கிளட்ச் இன்னும் வேகமாகத் தேயும். அதனால்தான் ஃபில்டர் பெரிய துகள்களை மட்டும் பிடிக்கும்படி அமைக்கப்படுகிறது. மிக நுண்ணிய இரும்புத் துகளைப் பிடிக்க, சேம்பரின் அடியில் ஒரு காந்தம் உட்கார்ந்திருக்கிறது.

அந்தக் காந்தத்தைத் துடைப்பதற்கு முன் கவனமாகப் பார்க்க வேண்டும். சாம்பல் நிறத்தில் மெழுகுபோல மெல்லிய படிவு இருந்தால் இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் உருக்குச் சில்லுகள் இருந்தால் கியரோ பேரிங்கோ உடைந்துகொண்டிருக்கிறது. காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் மினுமினுப்பு, பித்தளை போன்ற உலோகத்தில் செய்த புஷ்கள் தேய்வதைக் காட்டும். கருத்த சேறும் கருகிய வாடையும் கிளட்ச் எரிந்ததற்கு அடையாளம். அந்த நிலையில் புது ஃபில்டர் காப்பாற்றாது. பழைய வண்டிக்கு ஆயில் மாற்றியதால்தான் கியர்பாக்ஸ் போயிற்று என்ற பேச்சு பலமாக உலவுகிறது. பல வண்டிகளில் மாற்றும் முன்பே உள்ளே எல்லாம் தேய்ந்து முடிந்திருக்கும்.

அமெரிக்கச் சாலைகளில் லட்சக்கணக்கில் ஓடிய ஜெனரல் மோட்டார்ஸின் 4எல்60-இ கியர்பாக்ஸை எடுத்துக்கொள்வோம். இதில் ஃபில்டரை எந்தப் போல்ட்டும் பிடிப்பதில்லை. அதன் கழுத்து, ஒரு சீல் வழியாகப் பம்பின் துளைக்குள் இறுகி நிற்கிறது. ஃபில்டரை இழுக்கும்போது பழைய சீல் துளையிலேயே தங்கிவிடுவதுண்டு. அதை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுக்கையில் அலுமினியத் துளையில் ஆழமான கீறல் விழுந்தால், பம்பு ஆயிலோடு காற்றையும் உறிஞ்சத் தொடங்கும்.

அடுத்து சேம்பரைப் பூட்டுவது. கசியக் கூடாதே என்று நம்மவர்கள் முழுப் பலத்தையும் போட்டு முறுக்குகிறார்கள். ஆனால் சேம்பருக்குள் அழுத்தமே கிடையாது. கியர்பாக்ஸின் மூச்சுக்குழாய் வெளிக்காற்றோடு திறந்தே இருக்கிறது. 10 பார் அழுத்தமெல்லாம் மேலே, வேறு சீல்களுக்குள். சேம்பருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவிலுள்ள கேஸ்கெட் எதிர்கொள்வது சூடு, அதிர்வு, தகட்டின் மேடுபள்ளம் ஆகிய மூன்றைத்தான். இந்தக் கியர்பாக்ஸில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் விதித்த இறுக்கம் 11 நியூட்டன் மீட்டர். பல கார்களில் சக்கர நட்டுக்கு 100 நியூட்டன் மீட்டர் அளவில் தேவைப்படும் என்பதோடு ஒப்பிட்டால், இது எவ்வளவு குறைவு என்று தெரியும். மிகையாக இறுக்கினால் தகடு போல்ட் துளையைச் சுற்றிக் குழிந்து, துளைகளுக்கு நடுவே மேலெழும்பி, அங்கே கசியும். கார்க் கேஸ்கெட் பிதுங்கி வெடிக்கும். அலுமினிய மரையே பெயர்ந்தால் செலவு பலமடங்கு. குழிந்த தகட்டை முதலில் மரக்கட்டை வைத்துத் தட்டிச் சமப்படுத்த வேண்டும். இரண்டு பரப்பையும் எண்ணெய்ப் பசையின்றித் துடைத்து, எல்லாப் போல்ட்டையும் கையால் ஏற்றி, எதிரெதிராகச் சுற்றிவந்து, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் படிப்படியாக இறுக்க வேண்டும்.

பட்டறைகளில் 'அனாபாண்ட்' என்றே பெயராகிவிட்ட சிலிக்கான் பேஸ்ட் எல்லாவற்றுக்கும் மருந்தாகாது. ரப்பர் கேஸ்கெட்டும் கார்க் கேஸ்கெட்டும் உலர்ந்த பரப்பில் உட்கார வேண்டியவை. பேஸ்ட் தடவினால் வழுக்கி நகரும். கேஸ்கெட் இல்லாமல் பேஸ்ட் மட்டுமே போடும்படி அமைந்த கியர்பாக்ஸ்களும் உண்டு. அங்கே கீற்று மெல்லியதாக, துளைகளின் உட்புறமாகச் செல்ல வேண்டும். பேஸ்ட் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வெளியிலிருந்து உள்நோக்கி இறுகும். அதற்கான நேரத்தைக் கொடுக்காமல் ஆயில் ஊற்றக் கூடாது. அதிகமாகப் பூசியது உள்ளே பிதுங்கி, உடைந்து, புது ஃபில்டரையே அடைக்கும்.

'ஆயுள் முழுக்க ஆயில் மாற்ற வேண்டாம்' என்று சில கார் நிறுவனங்கள் சொல்கின்றன. பிஎம்டபிள்யூ உள்ளிட்ட பல கார்களுக்குக் கியர்பாக்ஸ் செய்யும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டுகளுக்குள் மாற்றச் சொல்கிறது. அதன் 8 கியர் வகைகள் பலவற்றில் சேம்பரும் ஃபில்டரும் ஒரே பிளாஸ்டிக் வார்ப்பு; இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பெட்டியைச் செய்தவரின் பேச்சையே நான் நம்புவேன்.

நம் ஊரில் 2014இல் செலேரியோ காரோடு வந்த ஏஎம்டி வகைக்கு இதெல்லாம் பொருந்தாது; அது மோட்டார் உதவியோடு தானே கியர் மாற்றும் சாதாரணக் கியர்பாக்ஸ். உங்கள் வண்டி எந்த வகை என்பதை முதலில் கையேட்டில் பாருங்கள். இங்கே விவரித்த டார்க் கன்வர்ட்டர் வகையாக இருந்து சர்வீஸுக்கு விட்டால், சேம்பரைக் கழுவும் முன் காந்தத்தை உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். போல்ட்டை டார்க் ரெஞ்சால் இறுக்குகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால், வேறு பட்டறைக்குப் போங்கள்.