ஹாதார்ன்ஸைக் கலக்கிய மூவர்: தெரியுமா உங்களுக்கு?

இங்கிலாந்தின் லீக் கால்பந்து மைதானங்களிலேயே கடல் மட்டத்திலிருந்து மிக உயரத்தில் இருப்பது எது தெரியுமா? வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் கிளப்பின் ஹாதார்ன்ஸ் மைதானம்! 551 அடி! உயரத்தை விடுங்கள், அதன் அக்கம்பக்கத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் வெஸ்ட் பிராம்விச், இன்னொரு பக்கம் ஸ்மெதிக், மற்றொரு பக்கம் பர்மிங்காமின் ஹேண்ட்ஸ்வொர்த். மூன்று ஊர்கள் முட்டிக்கொள்ளும் எல்லையில் நிற்கிறது அந்த மைதானம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டனின் தொழிற்சாலைகளுக்கு ஆள் போதவில்லை. கரீபியன் தீவுகளிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் வந்தவர்களில் பலர் இந்த மூன்று ஊர்களிலும் கூட்டம் கூட்டமாகக் குடியேறினார்கள். இரும்பை உருக்கி வார்க்கும் ஃபவுண்டரிகளில், உள்ளூர்க்காரர்கள் தொடத் தயங்கிய வேலைகளை இவர்கள் செய்தார்கள்.

அந்த ஸ்மெதிக்கில் 1964 பொதுத்தேர்தலில் என்ன நடந்தது தெரியுமா? நாடு முழுக்க லேபர் கட்சி ஜெயித்தது. அந்தக் கட்சியின் வெளியுறவு அமைச்சராக வரவிருந்த பேட்ரிக் கார்டன் வாக்கர் இந்த ஒரு தொகுதியில் தோற்றார்! கறுப்பர்கள் பக்கத்து வீட்டுக்கு வந்துவிடுவார்கள் என்று பயமுறுத்தும் ஒரு கேவலமான முழக்கம் அந்தத் தேர்தலில் ஊரெல்லாம் சுற்றியது. அதை இங்கே அச்சிட எனக்கு மனம் வரவில்லை. ஜெயித்தவர் கன்சர்வேடிவ் கட்சியின் பீட்டர் கிரிஃபித்ஸ். அங்கே மார்ஷல் தெருவில் காலியாகும் வீடுகளை நகராட்சியே வாங்கி வெள்ளையர்களுக்கு மட்டும் கொடுக்கத் திட்டம் போட்டார்கள். செய்தி எங்கே போய்ச் சேர்ந்தது தெரியுமா? அமெரிக்காவின் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் வரை! 1965 பிப்ரவரி 12 அன்று அவர் அந்தத் தெருவுக்கே வந்து நடந்தார். அவரை அழைத்து வந்தது யார் என்பது அடுத்த ஆச்சரியம். பஞ்சாபித் தொழிலாளர்கள் முன்னின்று நடத்திய இந்தியத் தொழிலாளர் சங்கம்! ஒன்பதே நாளில், பிப்ரவரி 21 அன்று, மால்கம் எக்ஸ் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இன்னும் இருக்கிறது. 1968 ஏப்ரல் 20 அன்று பர்மிங்காமில் ஈனக் பவல் தன் பெயர்போன குடியேற்ற எதிர்ப்புப் பேச்சைப் பேசினார். இதனால் ரத்தம் ஓடும் என்று எச்சரித்த பேச்சு அது. அவருடைய தொகுதி வுல்வர்ஹாம்ப்டன். அவர் பேசிய ஊருக்கும் அவரைத் தேர்ந்தெடுத்த ஊருக்கும் நடுவில்தான் வெஸ்ட் பிராம்விச் இருக்கிறது! சரியாக 28 நாள் கழித்து, மே 18 அன்று, ஆல்பியன் வெம்பிளியில் எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கியது. எவர்ட்டன் அணிக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் ஜெஃப் ஆஸ்ல் அடித்த ஒரே கோல். அன்று ஆடிய ஆல்பியன் வீரர்களில் கறுப்பினத்தவர் ஒருவர்கூட இல்லை.

அடுத்த பத்தே வருடத்தில் அதே கிளப், அதே மண்ணில், குடியேறிகளின் பிள்ளைகளை வைத்து இங்கிலாந்தையே வாய்பிளக்க வைத்தது!

முதலில் வந்தவர் லாரி கனிங்ஹாம். லண்டனில் பிறந்தவர், பெற்றோர் ஜமைக்காக்காரர்கள். 1977 மார்ச்சில் லேட்டன் ஓரியன்ட் அணியிலிருந்து அவரை ஆல்பியனுக்குக் கொண்டுவந்தவர் ஜானி ஜைல்ஸ். அயர்லாந்தின் டப்ளினிலிருந்து பிழைப்புக்காக இங்கிலாந்து வந்து, ஆடிக்கொண்டே பயிற்சியாளராகவும் இருந்தவர். கனிங்ஹாமுக்கு நடனம் என்றால் உயிர். ஓரியன்டில் இருந்தபோது பயிற்சிக்கு லேட்டாகப் போய் அபராதம் வாங்குவார். அந்த அபராதத்தை எப்படிக் கட்டினார் தெரியுமா? இரவு நடனப் போட்டிகளில் ஜெயித்த பணத்தில்! அவர் ஆட்டத்தைப் பார்த்தால் இதை நம்பாமல் இருக்க முடியாது. பனியில் ஓடினாலும் இவன் கால்தடம் பதியாது என்று பின்னால் வந்த மேனேஜர் ரான் அட்கின்சன் சொல்வார். கார்னர் கிக்கைக்கூட ஷூவின் வெளிப்பக்கத்தால் சீவி விடுவார். ஆல்பியனுக்கு வந்த அடுத்த மாதமே இங்கிலாந்தின் 21 வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடிய முதல் கறுப்பின வீரரானார். அந்த மேட்சில் கோலும் அடித்தார்!

இரண்டாவது ஆள் சிரில் ரீஜிஸ். பிறந்தது எங்கே தெரியுமா? அமேசான் காட்டோரம், பிரெஞ்சு கயானாவில் மரிபசூலா என்ற ஊர். அப்பா செயின்ட் லூசியா தீவுக்காரர், தங்கம் தேடி அங்கே போனவர். பிள்ளை ஐந்து வயதில் லண்டன் வந்து சேர்ந்தார். எலக்ட்ரீஷியன் வேலை கற்றார். பகலில் ஒயரிங், சாயங்காலம் ஹேய்ஸ் என்ற சின்னக் கிளப்பில் ஆட்டம். அவரைப் பார்த்துவிட்டு ஓடிவந்தவர் ஆல்பியனின் பழைய கோல் மன்னன் ரானி ஆலன். கிளப் நிர்வாகம் பணம் போடத் தயங்கியதும் ஆலன் என்ன சொன்னார் தெரியுமா? நீங்கள் தராவிட்டால் என் கைக்காசைப் போட்டாவது எடுக்கிறேன் என்றார்! வெறும் 5,000 பவுண்டு, பின்னால் இன்னொரு 5,000. அந்தக் காசுக்கு வந்தவர் முதல் மேட்சிலேயே இரண்டு கோல் அடித்தார். மொத்தத்தில் ஆல்பியனுக்காக நூற்றுக்கும் மேல்!

மூன்றாவது பிரெண்டன் பேட்சன், கிரெனடாவில் பிறந்த ரைட் பேக். கிரிக்கெட் தீவுகளில் வளர்ந்து ஒன்பது வயதில் இங்கிலாந்து வந்தவர். ஆர்சனல் கிளப்பின் முதல் அணியில் ஆடிய முதல் கறுப்பின வீரர் இவர்தான் என்று எத்தனை ஆர்சனல் ரசிகர்களுக்குத் தெரியும்? 1978 ஜனவரியில் ஆல்பியனுக்கு மேனேஜராக வந்த அட்கின்சன், கேம்பிரிட்ஜ் யுனைடெட்டில் தன் கேப்டனாக இருந்த பேட்சனை அடுத்த மாதமே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அதற்கு முன் மூன்று கறுப்பின வீரர்கள் ஒரே முதல் டிவிஷன் அணியில் ஆடியதே இல்லையா என்று கேட்டால், ஆடியிருக்கிறார்கள். 1972-ல் வெஸ்ட் ஹாம் ஒரு மேட்சில் மூவரை இறக்கியது. ஆனால் வாரம் தவறாமல், மூவரும் அணியின் முதுகெலும்பாக நின்றது ஹாதார்ன்ஸில்தான்.

அவர்கள் வாரம் தவறாமல் எதைக் கடந்து போனார்கள் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். வெளியூர் மேட்சுக்குப் பஸ்ஸிலிருந்து இறங்கும் இடத்திலேயே நேஷனல் ஃப்ரண்ட் என்ற இனவெறிக் கட்சியின் ஆட்கள் முகத்துக்கு நேரே வந்து நிற்பார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் கோட்டிலும் சட்டையிலும் எச்சில் இருக்கும் என்று பேட்சன் பின்னாளில் நினைவுகூர்ந்தார். மைதானத்துக்குள் வாழைப்பழம் வந்து விழும். பந்து காலுக்கு வந்த ஒவ்வொரு தடவையும் கேலரியிலிருந்து குரங்குக் கூச்சல். சில நூறு பேரல்ல, ஆயிரக்கணக்கானோர்! நடுவர் விசில் ஊதியதில்லை. மேட்சும் நின்றதில்லை.

அந்தக் கூச்சலுக்கு நடுவே இவர்கள் என்ன ஆடினார்கள் என்று பார்க்க வேண்டுமானால் 1978 டிசம்பர் 30 மேட்சைப் பாருங்கள். ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக 5-3! பழைய வீடியோ இன்றும் கிடைக்கிறது. கறுப்பின வீரர்கள் பந்தைத் தொடும்போதெல்லாம் எழும் ஊளையை வர்ணனையாளர் ஜெரால்ட் சின்ஸ்டாட் ஒளிபரப்பிலேயே கண்டித்துச் சொல்கிறார். அந்தக் காலத்தில் அதைச் செய்தவர்கள் எத்தனை பேர்? அதில் ஆல்பியனின் இரண்டாவது கோலைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். கனிங்ஹாம் வழியில் வந்தவர்களை ஏமாற்றிக்கொண்டு வந்து பந்தை ரீஜிஸுக்குத் தள்ளுகிறார். ரீஜிஸ் கோலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார், திரும்பவே இல்லை. குதிகாலால் லேசாகத் தட்டுகிறார். ஓடி வந்த லென் கேன்டெல்லோ ஓங்கி அடித்ததில் பந்து வலையின் உச்சியில்! நான்காவது கோல் கனிங்ஹாம், ஐந்தாவது ரீஜிஸ். ஊளையிட்ட மைதானத்துக்கு அவர்கள் சொன்ன பதில் அந்த இரண்டு கோல்கள்.

அந்த சீசனில் ஆல்பியன் லீக்கில் மூன்றாம் இடம். யூஃபா கோப்பையில் அர்ஜென்டினா நட்சத்திரம் மரியோ கெம்பஸ் இருந்த வலென்சியாவை வீட்டுக்கு அனுப்பிக் காலிறுதிவரை போனது. அதற்கு முந்தைய மே மாதம், பிரிட்டிஷ் தொழில்முறைக் கிளப் எதுவும் கால் வைக்காத சீனாவுக்கே போய் ஆடிவிட்டு வந்திருந்தது!

இப்போது நம்பவே முடியாத ஒன்று. அந்தக் கோலை அடித்த கேன்டெல்லோவுக்கு 1979 மே மாதம் ஒரு நன்றி மேட்ச் நடத்தினார்கள். நீண்ட காலம் ஆடிய வீரருக்கு வசூல் பணத்தைக் கொடுக்கும் வழக்கம் அது. எதிரெதிரே ஆடிய அணிகள் எவை தெரியுமா? ஒரு பக்கம் வெள்ளையர் அணி, மறுபக்கம் கறுப்பர் அணி! ஹாதார்ன்ஸிலேயே, விளம்பரம் செய்து, டிக்கெட் விற்று! ஊரில் அந்த நேரத்தில் இருந்த பதற்றத்துக்கு ஒரு கைகலப்பு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பதறுகிறது. ஒன்றும் நடக்கவில்லை. பல கிளப்புகளிலிருந்து திரண்டு வந்த கறுப்பின வீரர்கள் 3-2 என்று ஜெயித்தார்கள். தப்பாக எதுவும் தோன்றவில்லை, சந்தோஷமாகத்தான் ஆடினோம் என்றே ரீஜிஸும் பேட்சனும் பின்னாளில் சொன்னார்கள். அதுவரை இங்கிலாந்தின் தொழில்முறைக் கால்பந்தில் அத்தனை கறுப்பின வீரர்கள் ஒரே உடைமாற்றும் அறையில் சேர்ந்து உட்கார்ந்ததே இல்லை. அந்தச் சந்தோஷம் எனக்குப் புரிகிறது. அந்த ஏற்பாட்டை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

அதே போலத்தான் அந்தப் பட்டப்பெயரும். அட்கின்சன் மூவருக்கும் 'த்ரீ டிகிரீஸ்' என்று பெயர் வைத்தார். அமெரிக்காவின் மூன்று கறுப்பினப் பாடகிகளின் குழுவுக்கு இருந்த பெயர் அது. பாடகிகளையே வரவழைத்து மூன்று வீரர்களோடு நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். பத்திரிகைகளுக்கு நல்ல தீனி! மூன்று தனித்தனி மேதைகளைத் தோல் நிறத்தால் ஒரு கட்டாகக் கட்டியது அநியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் வேறு மேனேஜர்கள் கறுப்பின வீரர்களுக்கு மன உறுதி போதாது, குளிர் தாங்காது என்று கதைகட்டிக்கொண்டிருந்த காலத்தில் மூவரையும் வாராவாரம் களமிறக்கியவரும் அட்கின்சன்தான். அதே அட்கின்சன் 2004-ல் மைக் அணைந்துவிட்டது என்று நினைத்து ஒரு கறுப்பின வீரரைப் பற்றி இனவெறிச் சொல்லைப் பேசி, தொலைக்காட்சி வேலையை இழந்தார். இரண்டுமே அவர் செய்ததுதான். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கக் கூடாது.

மூவரும் ஒன்றாக ஆடியது எவ்வளவு காலம் தெரியுமா? ஒன்றரை வருடம்கூட இல்லை! 1979 கோடையில் ரியல் மாட்ரிட் ஏறக்குறைய 9.5 லட்சம் பவுண்டு கொடுத்துக் கனிங்ஹாமைக் கொத்திக்கொண்டு போனது. ரியல் மாட்ரிட் விலைகொடுத்து வாங்கிய முதல் ஆங்கிலேய வீரர் அவர். பரம எதிரியான பார்சிலோனாவின் மைதானத்தில், பார்சிலோனா ரசிகர்களே எழுந்து அவருக்குக் கைதட்டினார்கள்! 1989-ல் மாட்ரிட் அருகே கார் விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 33தான்.

ரீஜிஸுக்கு வந்த ஒரு கடிதத்தைப் பற்றித் தெரியுமா? 1982 பிப்ரவரியில் முதல்முறையாக இங்கிலாந்து அணிக்குத் தேர்வாகிறார். கிளப்புக்கு வந்த ரசிகர் கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். ஒன்றில், வெட்டி ஒட்டிய எழுத்துகளில், வெம்பிளி மைதானத்தில் கால் வைத்தால் முட்டியில் இது பாயும் என்று மிரட்டல். கூடவே பஞ்சில் பொதிந்த ஒரு துப்பாக்கிக் குண்டு! சிரித்துத் தள்ளிவிட்டு வெம்பிளிக்குப் போய் ஆடினார். அந்தக் குண்டை எறியவும் இல்லை, பல வருடம் பத்திரமாக வைத்திருந்தார். அதே பிப்ரவரியில் நார்விச் அணிக்கு எதிராக வெகுதூரத்திலிருந்து திரும்பி அடித்த இடிதான் அந்த சீசனின் சிறந்த கோல்.

பேட்சனின் ஆட்டம் 1982-ல் முழங்கால் காயத்தோடு முடிந்தது. உழைப்பு முடியவில்லை. வீரர்கள் சங்கத்தின் துணைத் தலைமை நிர்வாகியாக ஏறக்குறைய இருபது வருடம் இருந்தார். 1993-ல் கால்பந்திலிருந்து இனவெறியை விரட்டும் இயக்கம் தொடங்கியபோது துணைநின்றது அந்தச் சங்கம்தான். பின்னால் அவர் எங்கே போனார் தெரியுமா? ஆல்பியனுக்கே, நிர்வாக இயக்குநராக! 2019-ல் வெஸ்ட் பிராம்விச் நகரின் நடுவே மூவருக்கும் வெண்கலச் சிலை எழுந்தது. கோல் அடித்துவிட்டுக் கொண்டாடும் கோலத்தில். திறப்பு விழாவைப் பார்க்க மூவரில் பேட்சன் மட்டுமே இருந்தார். ரீஜிஸ் 2018 ஜனவரியில் போய்விட்டார்.

பஞ்சாபிகள் கதை என்ன ஆயிற்று? அந்த அறுபதுகளில் ஸ்மெதிக்கின் சில பப்களில் அவர்களுக்கு நல்ல அறையில் இடம் கிடைக்கவில்லை. மால்கம் எக்ஸ் வந்தபோது அப்படி ஒரு பப்புக்குத்தான் அவரைக் கூட்டிப்போய் நிலைமையைக் காட்டினார்கள். அதே வருடக் கடைசியில் பொது இடங்களில் நிறம் பார்த்து ஒதுக்குவதைச் சட்டம் தடைசெய்தது. கொஞ்சம் கொஞ்சமாக, ஃபவுண்டரிகள் மூடி வாடிக்கையாளர்கள் குறைந்த பப்களைப் பஞ்சாபிகளே எடுத்து நடத்தத் தொடங்கினார்கள்! இன்று அவற்றுக்குப் பெயர் தேசி பப். மேட்ச் நாளில் ஹாதார்ன்ஸ் பக்கம் போனால் பாருங்கள். நீலமும் வெள்ளையும் கோடு போட்ட ஜெர்சியில் வெள்ளைக்காரத் தாத்தாக்கள். அவர்கள் முன்னால் புகை கக்கிக்கொண்டு வந்திறங்கும் இரும்புத் தட்டு. சீக் கபாப், சிக்கன் டிக்கா, அடியில் கருகிச் சீறும் வெங்காயம். பக்கத்தில் நான் ரொட்டி, ஒரு கிளாஸ் பீர். அடுத்த மேசையில் அதே ஜெர்சியில் ஒரு சர்தார்ஜி குடும்பம், மூன்று தலைமுறை. பஞ்சாபி, தெற்காசிய ரசிகர்களுக்கென்று 'அப்னா ஆல்பியன்' என்ற ரசிகர் மன்றமே இருக்கிறது!

கடைசியாக ஒன்று. இந்தக் கிளப் இப்போது யார் கையில் இருக்கிறது தெரியுமா? 2024 பிப்ரவரியில் ஆல்பியனின் 87.8 சதவீதப் பங்குகளை வாங்கியவர் ஷிலென் படேல். அமெரிக்காவின் ஃபுளோரிடாக்காரர். அவருடைய அப்பா கிரண் படேல் ஜாம்பியாவில் குஜராத்திப் பெற்றோருக்குப் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபோன இதய மருத்துவர். கிளப்பை வாங்குவதற்காக அவர்கள் தொடங்கிய கம்பெனியின் பெயர்? இந்தியில் 'முற்றிலும்' என்று பொருள்படும் பில்குல் ஃபுட்பால்!