தண்டுவட மரப்பு நோயில் தசை வலுப்பயிற்சி

முன்னுரை

மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றின் நரம்பிழைகளைச் சூழ்ந்துள்ள மயலின் உறையை உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே தாக்கிச் சிதைப்பதால் உண்டாவது, மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் எனப்படும் தண்டுவட மரப்பு நோய். 1868-இல் பாரிஸ் நகரில் ஷான் மார்த்தின் ஷார்கோ இதனைத் தனி நோயாக விளக்கினார். இந்நோயாளர் உடலை வருத்தலாகாது என்னும் அறிவுரை நெடுங்காலம் நிலவியது. அது மாறிய காரணத்தையும் வலுப்பயிற்சியின் பயனையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஓய்வு அறிவுரையும் உடல்வெப்பமும்

1890-இல் ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் உட்ஹாஃப், உடலுழைப்புக்குப் பின் இந்நோயாளரின் பார்வை சிறிது நேரம் மங்குவதைப் பதிவு செய்தார். உழைப்பு நோயை முற்றச் செய்யும் என்னும் அச்சத்திற்கு இத்தகைய மாற்றங்கள் இடமளித்தன. இதற்குக் காரணம் உடல்வெப்ப உயர்வே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. உறை சிதைந்த நரம்பிழையில், வெப்பம் சிறிதளவு உயர்ந்தாலும் மின்குறிப்புகள் தடைபடும். உடல் குளிர்ந்ததும் மீளும். ஆகவே இது தற்காலிகத் தடையேயன்றிப் புதிய சிதைவு அன்று.

வலுக்குறைவின் இரு மூலங்கள்

இந்நோயில் தசைகள் வலுவிழப்பதற்கு இரு மூலங்கள் உள்ளன. நரம்புச் சிதைவால் மூளையின் கட்டளை தசையை முழுமையாகச் சென்றடையாமை ஒன்று. இயக்கம் குறைவதால் தசை மெலிதல் மற்றொன்று. ஓய்வு அறிவுரை, நோயாளரைக் காப்பதாகக் கருதி, இரண்டாவதை வளர்த்தது. வலுப்பயிற்சி தசையை வளர்ப்பதோடு, எஞ்சிய நரம்புப் பாதைகளின்வழித் தசையை இயக்கும் திறனையும் கூட்டுகிறது. இழந்த மயலின் உறையை மீட்கும் மருந்தாக அதனைக் கொள்ளலாகாது.

பயிற்சி முறை

டென்மார்க்கில் உல்ரிக் டால்காஸ் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், 12 வாரங்கள், வாரம் இருமுறை, சுமையைப் படிப்படியாகக் கூட்டிக் கால்தசைகளுக்குப் பயிற்சி பெற்றோரின் தசை வலிமையும் செயல்திறனும் மேம்பட்டன. 2013-இல் வெளியான கனடா நாட்டு வழிகாட்டுதல், இலேசான அல்லது மிதமான நோய்நிலையிலுள்ள பெரியோர்க்கு, வாரம் இருமுறை 30 நிமிட மிதமான ஏரோபிக் பயிற்சியையும், வாரம் இருமுறை முதன்மைத் தசைத்தொகுதிகளுக்கான வலுப்பயிற்சியையும் பரிந்துரைக்கிறது.

வலுப்பயிற்சி சிறுசிறு சுற்றுகளாக, இடையே ஓய்வுடன் செய்யப்படுவது. எனவே தொடர்ச்சியான ஓட்டத்தைவிட உடல்வெப்பம் குறைவாகவே உயரும். வெப்பம் தாங்காத நோயாளர்க்கும் இது ஏற்றதாகிறது. குளிர்ந்த அறையும் மின்விசிறியும் மேலும் துணைசெய்யும். சமநிலை குன்றியவர் அமர்ந்தவாறு பயிலலாம். அறிகுறிகள் புதிதாகத் தோன்றினாலோ திடீரெனத் தீவிரமடைந்தாலோ பயிற்சியை நிறுத்தி மருத்துவரை அணுகுதல் வேண்டும். சுமையின் அளவை இயன்முறை மருத்துவர் வரையறுத்தல் நன்று.

முடிவுரை

உழைப்பின் பின் தோன்றும் தற்காலிகத் தளர்ச்சி நோயின் முற்றலாகப் பிழைபடப் புரிந்துகொள்ளப்பட்டது. நோயால் வரும் இழப்பையும் இயங்காமையால் வரும் இழப்பையும் பிரித்தறிந்தால், பின்னதைப் பெருமளவு தவிர்க்கலாம் என்பது புலனாகிறது. அதற்குரிய எளிய வழிகளுள் ஒன்றாக வலுப்பயிற்சி அமைகிறது.