ஜவ்வாது மலை: விந்தைகளும் தலைவர்களும்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் வயோமிங் என்றொரு ராஜ்யம் உண்டு. அதன் ஜனத்தொகை ஆறு லட்சத்துக்கும் குறைவு. ஆயினும், ஏறக்குறைய நான்கு கோடி மக்கள் வாழும் கலிபோர்னியாவைப் போலவே அதுவும் செனட் சபைக்கு இரண்டு பிரதிநிதிகளை அனுப்புகிறது. சிறிய இடத்தின் குரல் அமுங்கிவிடலாகாது என்பதே இந்த ஏற்பாட்டின் கருத்து. ஜவ்வாது மலையின் வரலாற்றைப் படிக்கும் நேயர்கள் இதனை நினைவில் வைத்துக் கொள்வார்களாக.

நன்னன் ஆண்ட நாடு

செய்யாறு பிறப்பது இம்மலையில்தான். ஜமுனாமரத்தூருக்கு அருகே பீமன் அருவியாய் விழுந்து, பின்னர் சமவெளியில் இறங்கி வயல்களை வளப்படுத்துகிறது. மலையடிவாரத்துச் செங்கத்தில் இருந்து பல்குன்றக் கோட்டத்தை ஆண்டவன் நன்னன் சேய் நன்னன். பெருங்கௌசிகனார் இயற்றிய மலைபடுகடாம் என்னும் 583 அடி நூலின் தலைவன் அவனே. செங்கத்தைச் சுற்றிலும் கிடைத்துள்ள நடுகற்கள், இந்நாட்டு வீரர்களின் நினைவை இன்றும் தாங்கி நிற்கின்றன.

ஏழு நாய்கள்

மலையில் வாழ்வோர் பெரும்பாலும் மலையாளி என்னும் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தை நினைக்க வேண்டாம். மலையை ஆள்பவர் என்பதே பொருள். அவர்கள் பேசுவது தமிழே. தம் முன்னோர் காஞ்சீபுரத்து வேளாளர் என்று அவர்கள் சொல்லும் கதை சுவையானது. வேடர்கள் கவர்ந்து சென்ற ஏழு கன்னியரை மீட்க, ஏழு வாலிபர் ஏழு நாய்களுடன் புறப்பட்டனராம். “நாய்கள் மட்டும் திரும்பினால் நாங்கள் மாண்டோம் என்று கொள்ளுங்கள்” என்று மனைவியரிடம் கூறிச் சென்றனர். பாலாற்று வெள்ளத்துக்கு அஞ்சிய நாய்கள் பாதி வழியில் திரும்பிவிட்டன. வென்று மீண்ட வாலிபர்கள் கண்டதோ, தங்களுக்கே நடந்து முடிந்த கருமாதியை! ஊர் அவர்களை ஏற்கவில்லை. வேடர் குலப் பெண்களை மணந்து மலையேறினார்கள்.

வானத்தை நோக்கும் மலை

சாமையும் தேனும் புளியும் விளையும் இம்மலையின் காவலூரில்தான் நம் தேசத்தின் புகழ் பெற்ற வானாராய்ச்சி நிலையம் இருக்கிறது. விஞ்ஞானி வைனு பாப்பு இவ்விடத்தைத் தேர்ந்தார். 1968-ல் சிறு தொலைநோக்கியுடன் பணி தொடங்கியது. 1986-ல் 2.3 மீட்டர் தொலைநோக்கியைப் பிரதம மந்திரி ராஜீவ் காந்தி தொடங்கி வைத்தார். 1988-ல் இங்கே கண்டுபிடிக்கப்பட்ட சிறுகோள் ஒன்று கணித மேதை ராமானுஜன் பெயரைத் தாங்குகிறது.

பிரதிநிதிகள் யார்?

முற்காலத்தில் மலைமக்கள் தம் இடத்தை ‘நாடு’களாய்ப் பகுத்துக் கொண்டனர். ஊருக்கு ஊர்க்கவுண்டரும் நாட்டுக்கு நாட்டாரும் நியாயம் உரைத்தனர். புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்னும் பெயர்கள் இன்றும் அதற்குச் சாட்சி. புதிய ஆட்சியிலோ மலை துண்டாயிற்று. 1989-ல் வட ஆற்காடு இரண்டானது. 2019-ல் வேலூர் மூன்றானது. இன்று மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று ஜில்லாக்களில் பங்கிடப்பட்டுள்ளது. ஜமுனாமரத்தூர் கலசபாக்கம் தொகுதியைச் சேர்ந்தது; பீஞ்சமந்தை அணைக்கட்டைச் சேர்ந்தது. இவை பொதுத் தொகுதிகள். 234 சட்டசபைத் தொகுதிகளில் பழங்குடியினருக்கென்று ஒதுக்கப்பட்டவை ஏற்காடு, சேந்தமங்கலம் ஆகிய இரண்டே. அரசியல் நிர்ணய சபையில் பழங்குடியினருக்காக வாதாடிய ஜெய்பால் சிங் முண்டா கண்ட கனவு இங்கே பாதி வழியில் நிற்கிறது. ஐந்தாவது அட்டவணைப் பகுதி எதுவும் தமிழ்நாட்டில் அறிவிக்கப்படவில்லை.

இதன் விலை சிறிதன்று. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீசார் சுட்டு வீழ்த்திய இருபது பேரில் ஜவ்வாது மலைப் பகுதியினரும் இருந்தனர். கூலிக்கு மரம் வெட்டப் போன ஏழைகளின் வறுமையைப் பற்றிச் சட்டசபையில் இடைவிடாது பேச மலைக்கென்று ஓர் அங்கத்தினர் இருந்தால், நிலைமை மாறக்கூடுமன்றோ?

நம்பிக்கைக்கும் இடமுண்டு. 2024-ல் புலியூரைச் சேர்ந்த இருபத்து மூன்று வயது மலையாளிப் பெண் ஒருவர் சிவில் நீதிபதித் தேர்வில் வெற்றி பெற்றார். அதுவும் பிரசவித்த சில நாட்களிலேயே பரீட்சை எழுதி! நாட்டார் நியாயம் உரைத்த மலை, நீதிபதியைத் தந்துவிட்டது. சட்டசபைக்கும் அது தன் மக்களை அனுப்பும் நாளை எதிர்பார்ப்போமாக.