உங்களுக்குத் தெரியுமா? கேள்விக்குள் ஒரு கேள்வி

● ஐபிஎம் ஆய்வாளர்கள் டொனால்டு சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974-ல் ஒரு கட்டுரையில், டேட்டாபேஸிடம் கேள்வி (குவெரி) கேட்கும் 'சீக்வெல்' மொழியை அறிமுகப்படுத்தினார்கள். அந்தக் கட்டுரையிலேயே ஒரு குவெரியின் விடையைக் கொண்டு இன்னொரு குவெரியை வடிகட்டும் வழி இருந்தது. இன்றைய எஸ்க்யூஎல் அதிலிருந்து வந்ததுதான். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸுக்கோ இந்த சப்-குவெரி வசதி 2004-ல் வெளியான 4.1 பதிப்பில்தான் கிடைத்தது.

● சப்-குவெரி இருந்தும், முதல் குவெரியில் வந்த எண்களை எக்செல்லில் போட்டு, அடுத்த குவெரியின் 'இன்' (பட்டியலில் உள்ளதா) அடைப்புக்குள் ஒட்டுபவர்கள் இன்றும் உண்டு. ஆரக்கிள் டேட்டாபேஸில் நெடுங்காலமாக அப்படி 1000-க்கு மேல் ஒட்ட முடியாமல் இருந்தது. பிழை எண் 01795 வந்து நின்றது. சப்-குவெரிக்கு அந்த வரம்பு கிடையாது. ஒட்டிய பட்டியல் நாளைக்கே பழசாகிவிடும் என்பது அதைவிடப் பெரிய குறை.

● எஸ்க்யூஎல் எழுதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எஸ்ஏபி நிறுவனத்தின் வெப் இன்டெலிஜென்ஸ் என்ற ரிப்போர்ட் கருவியில், ஃபில்டர் போடும் இடத்திலேயே மற்றொரு குவெரியின் விடையைத் தேர்ந்தெடுக்கலாம்.

● அதிகம் பேர் ஏமாறுவது 'நாட் இன்' (பட்டியலில் இல்லை) விஷயத்தில். ஒரு நூலகத்தில் இதுவரை ஒரு புத்தகம்கூட எடுக்காத உறுப்பினர்கள் யார் என்று 'நாட் இன்' சப்-குவெரி போட்டுக் கேட்கிறீர்கள். புத்தகம் எடுத்தோர் டேபிளில் ஒரே ஒரு வரியில் உறுப்பினர் எண் 'நல்', அதாவது காலி. அவ்வளவுதான், ரிப்போர்ட்டில் ஒருவர் பெயரும் வராது! பிழைச் செய்தியும் வராது. காரணம் இது: 205-ஆம் உறுப்பினர் அந்தப் பட்டியலில் இல்லை என்று சொல்ல, ஒவ்வொரு வரியும் அவருடையதல்ல என்று உறுதியாகத் தெரிய வேண்டும். காலியாக இருப்பது 205-ஆகவும் இருக்கலாமே! விடை 'தெரியாது' என்றாகிறது. 'தெரியாது' என்றானவர்களை எஸ்க்யூஎல் விட்டுவிடும். புத்தகம் எடுக்காத எல்லா உறுப்பினருக்கும் இதே கதிதான். வெற்று ரிப்போர்ட்டைப் பார்த்து 'எல்லோரும் புத்தகம் எடுத்திருக்கிறார்கள்' என்று முடிவுகட்டுவது எவ்வளவு ஆபத்து! 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' என்று எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

● சப்-குவெரியில் கேட்ட ஃபீல்டு உள் டேபிளில் இல்லாமல், வெளி டேபிளில் அதே பெயரில் இருந்தால், டேட்டாபேஸ் சத்தமில்லாமல் வெளியே இருப்பதை எடுத்துக்கொள்ளும். 'இன்' நிபந்தனை ஏறக்குறைய எல்லா வரிக்கும் பொருந்திவிடும். 'டெலிட்' கட்டளையில் இது நடந்தால் டேபிளே காலி. உள்ளே வரும் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் முன்னால் அதன் டேபிள் பெயரைச் சேர்த்து எழுதுங்கள். தவறு இருந்தால் ஓட்டும்போதே பிழையாகக் காட்டிவிடும்.