அவள் என்ன சொன்னாள்?

திண்டுக்கல் மாவட்டத்தில் பூச்சந்தைக்குப் பேர்போன நிலக்கோட்டைக்குத் தமிழ் இலக்கியத்திலும் ஓர் இடம் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் அந்தப் பாளையத்தை ஆண்ட கூளப்ப நாயக்கரைப் பாட்டுடைத் தலைவராக வைத்து சுப்ரதீபக் கவிராயர் பாடிய 'கூளப்ப நாயக்கன் விறலிவிடு தூது', நம் சிற்றிலக்கியங்களில் பச்சையான காமத்துக்குப் பெயர்பெற்ற ஒன்று. வீரமாமுனிவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் என்று சொல்லப்படும் புலவர் இவர்தான். விறலிவிடு தூது என்ற வகைக்கே ஒரு கதைப்போக்கு உண்டு. மனைவியோடு பிணங்கி வெளியேறுகிறவன் தாசி ஒருத்தியிடம் மயங்கிக் கைப்பொருளை எல்லாம் இழப்பான். பிறகு வள்ளல் ஒருவரைப் பாடிப் பரிசு பெறுவான். ஊர் திரும்பும்போது மனைவியின் கோபத்தைத் தணிக்க, ஆடல்பாடல் மகளான விறலியைத் தூது அனுப்புவான். காதல் நாவலும் காமக்கதையும் வெளியிலிருந்து வந்து நம் பக்கத்தைக் கெடுக்கின்றன என்று திண்டுக்கல் சீமையில் யாரேனும் வருத்தப்பட்டால், அவை வெளிச்சரக்கு அல்ல என்பதற்கு இந்த நூல் ஒன்றே சாட்சி.

பழையது என்பதால் மட்டும் ஒன்று நல்லதாகிவிடாது. அந்த நூலில் என்னை உறுத்துவது அதன் பச்சைத்தன்மை அல்ல. விறலிவிடு தூது முழுக்க ஓர் ஆணின் பேச்சு. தாசி எப்படிப்பட்டவள் என்பதை அவன்தான் சொல்கிறான். அவள் தாய் அவளுக்குக் கற்றுக்கொடுத்த தந்திரங்களையும் அவனே சொல்கிறான். வீட்டில் காத்திருக்கும் மனைவி என்ன நினைப்பாள் என்பதையும் அவனே முடிவு செய்துகொள்கிறான். அவளுடைய பதிலுக்கு அந்த இலக்கிய வகையில் இடமே வைக்கப்படவில்லை. காமம் பற்றிய எழுத்தை எடைபோட நாம் வழக்கமாகக் கையில் எடுக்கும் படிக்கல் 'எவ்வளவு வெளிப்படை' என்பது. அது தவறான படிக்கல் என்பது என் கட்சி. 'அவள் என்ன சொன்னாள், அவள் சொன்னது கதையில் மதிக்கப்பட்டதா' என்று கேட்பதே சரியான அளவை.

இந்த அளவை மேற்கிலிருந்து இரவல் வாங்கியதும் அல்ல. தொல்காப்பியம் அகத்தை ஏழு திணையாக வகுத்து, நடுவே உள்ள ஐந்தை ஒத்த அன்புக்கு உரியவையாக வைத்தது. ஒரு பக்கத்துக் காமமான கைக்கிளையை ஒரு கோடியிலும், பொருந்தாக் காமமான பெருந்திணையை மறுகோடியிலும் ஒதுக்கியது. கைக்கிளைக்கு அது தரும் விளக்கம் கவனிக்கத்தக்கது: காமத்துக்கு உரிய பருவம் எய்தாத பெண்ணிடம் ஒருவன் பேசுவது, அவளிடமிருந்து பதில் வராதபோதும் தானே பேசித் தானே இன்புறுவது. பெருந்திணையின் குறிகளில் ஒன்று, மிகுந்த காமத்தால் வலிமையைக் காட்டுவது. எவ்வளவு வெளிப்படையாகப் பாடினான் என்பதை வைத்து இலக்கணம் இந்தக் கோட்டைப் போடவில்லை. இருவரும் விரும்பினார்களா என்பதை வைத்துப் போட்டது. அந்த இலக்கணத்துக்கு இசைந்த சங்கப் பாடல்களில் முக்கால் பங்குக்கு மேல் அகப்பாடல்கள். அவற்றில் தலைவி ஏங்குகிறாள், சினக்கிறாள், மறுக்கிறாள். பரத்தை வீட்டிலிருந்து திரும்பும் தலைவனை உள்ளே விடாமல் தடுப்பதற்கு 'வாயில் மறுத்தல்' என்று ஒரு துறையே உண்டு. ஆண் பரத்தையிடம் போவதை அந்தச் சமூகம் பொறுத்துக்கொண்டது உண்மைதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பெண்ணின் 'மாட்டேன்' என்ற சொல்லுக்குத் துறையும் பெயரும் கொடுத்த கவிதை மரபு நம்முடையது.

பதில் சொல்லத் துணிந்த பெண்ணுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கும் அதே 18ஆம் நூற்றாண்டே எடுத்துக்காட்டு. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மனின் அவையில் இருந்த முத்துப்பழனி, 'ராதிகா சாந்த்வனம்' என்ற காவியத்தைத் தெலுங்கில் எழுதினார். அதில் ராதை தன் வேட்கையைத் தானே சொல்வாள்; ஊடுவாள்; கண்ணன் அவளைச் சமாதானப்படுத்துவான். 1910இல் பெங்களூர் நாகரத்தினம்மாள் அதைச் செம்மையாகப் பதிப்பித்தார். பெண்கள் வாயிலிருந்து வரக்கூடாதவை அதில் இருக்கின்றன என்று சீர்திருத்தவாதி கந்துகூரி வீரேசலிங்கம் கண்டித்தார். வெட்கம் பெண்ணுக்கு மட்டும்தானா, ஆண்களுக்கு இல்லையா என்று நாகரத்தினம்மாள் திருப்பிக் கேட்டார். ஆங்கில அரசு நூலை ஆபாசம் என்று தடைசெய்தது. பல ஆண்டுகள் கழித்து, அரசியல் தலைவர் பிரகாசம் பந்துலுவின் முயற்சியால்தான் தடை விலகியது. திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பிய அதே நாகரத்தினம்மாள்தான், ஒரு பெண்ணின் காமப் பாட்டுக்காக அரசோடும் பெரியவர்களோடும் மல்லுக்கு நின்றார். பக்தியும் காமமும் அவருக்கு ஒன்றையொன்று விரட்டும் பொருள்களாகத் தெரியவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் காமம் ஏட்டிலிருந்து பெட்டிக்கடைக்கு வந்தது. பாலித்தீன் உறையில் போட்டு, வேறு இதழ்களுக்கு அடியில் வைத்து விற்ற 'சரோஜாதேவி' புத்தகங்களை ஒரு தலைமுறை ஆண்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவற்றில் பெண் இருந்தாள், அவள் குரல் இல்லை. இன்னொரு பக்கம் மாத நாவல்கள். 'திருவரங்கன் உலா'வை ஸ்ரீவேணுகோபாலன் என்ற பெயரில் எழுதியவரே, புஷ்பா தங்கதுரை என்ற பெயரில் பாலியல் தொழிலில் சிக்கிய பெண்ணை நாயகியாக்கி 'என் பெயர் கமலா' எழுதினார். ரமணிசந்திரனின் நாவல்கள் நூற்றுக்கு மேல் வெளிவந்து, வாடகை நூல் நிலையங்களில் பெண்கள் பெயர் எழுதி வைத்துக் காத்திருந்து வாங்கும் எழுத்தாயின. இன்று அந்த இடத்தைக் கைபேசி பிடித்துக்கொண்டது. தொடர்கதைகளை அத்தியாயம் அத்தியாயமாக வெளியிடும் செயலிகளில் பெண்களே எழுதுகிறார்கள், பெண்களே படிக்கிறார்கள். யார் என்ன படிக்கிறார் என்பது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியாது. ஒரு பெண்ணுக்கு அப்படி ஒரு தனிமை கிடைத்ததை நான் நல்ல மாற்றம் என்றே எண்ணுகிறேன்.

அந்தத் தொடர்களில் 'ஆன்டி ஹீரோ' கதை என்று ஒரு வகை தனியே வளர்ந்திருக்கிறது. நாயகன் பெரும்பாலும் முதலாளி. பணமும் செல்வாக்கும் கோபமும் உள்ளவன். நாயகி அவன் நிறுவனத்தில் வேலை பார்ப்பாள், அல்லது அவனிடம் கடன்பட்ட குடும்பத்தின் மகளாக இருப்பாள். பழிவாங்கத் தாலி கட்டுவான். அடிப்பான். அவள் வேண்டாம் என்று சொன்ன இரவைக் கதை கடந்து போகும். பிறகு அவன் பட்ட பழைய காயம் ஒன்று தெரியவரும், அவள் மன்னிப்பாள், கடைசி அத்தியாயத்தில் குழந்தை. முத்தத்தைக்கூட மூன்று புள்ளி வைத்து முடிக்கும் 'குடும்ப' நாவலிலும் இதே வலுக்கட்டாயம் நடக்கிறது. அதை யாரும் ஆபாசம் என்று சொல்வதில்லை. கணவனும் மனைவியும் விரும்பிக் கூடுவதை இரண்டு பக்கம் எழுதினால் மட்டும் முகம் சுளிக்கிறோம். இந்தத் தலைகீழ்க் கணக்கைத்தான் திருத்த வேண்டும்.

இதைத் திண்டுக்கல்லில் வைத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. இந்த மாவட்டத்தின் நூற்பாலைகளிலும் ஆடை ஆலைகளிலும் வேலை செய்கிறவர்களில் பெரும்பங்கு இளம்பெண்கள். 2021 ஜனவரியில் இங்கே ஓர் ஆடை ஆலையில் வேலை பார்த்த தலித் இளம்பெண் கொலையுண்டார். மேற்பார்வையாளர் ஒருவர் அவருக்கு நெடுநாள் பாலியல் தொல்லை கொடுத்துவந்தார் என்று உடன் வேலை செய்தவர்கள் சொன்னார்கள். பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடி, 2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகத்தோடு ஓர் ஒப்பந்தம் கண்டது. வெளிநாட்டு ஆடை நிறுவனங்களும் அதற்குக் கட்டுப்பட்டன. உலகத் தொழிலாளர் இயக்கங்களில் அதற்குப் பெயர் 'திண்டுக்கல் ஒப்பந்தம்'. தொழிலாளிப் பெண்களே வேலைத்தளத்தில் தொல்லைகளைக் கவனித்துப் புகார் எழுப்பப் பயிற்சி பெற்றார்கள். மேலதிகாரியின் தொடுகையை மறுக்க ஒரு பெண்ணுக்கு உரிமை உண்டு என்பதைக் காகிதத்தில் எழுதி வாங்க ஓர் உயிர் போக வேண்டியிருந்த ஊர் இது. இங்கே, மறுப்பைப் பொருட்படுத்தாத முதலாளியைக் காதல் நாயகனாகப் படிப்பது வெறும் சுவை சார்ந்த விஷயம் என்று என்னால் கடந்துபோக முடியவில்லை.

கற்பனையையும் வாழ்க்கையையும் பிரித்தறிய வாசகிக்குத் தெரியாதா என்று கேட்பார்கள். தெரியும். அமெரிக்க ஆய்வாளர் ஜானிஸ் ராட்வே காதல் நாவல் வாசகியரோடு உட்கார்ந்து பேசி 1984இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்த வாசகியர் ஏமாந்தவர்களாக இல்லை. கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் உழைத்த நாளில் தமக்கென்று எடுத்துக்கொண்ட நேரம் என்று வாசிப்பைச் சொன்னார்கள். கொடூரமான நாயகன் வரும் கதைகளை வெறுத்தார்கள். ஆனால் அவன் கொடுமை தவறான புரிதலால் வந்தது என்று கதை காரணம் காட்டிவிட்டால், சில வேளை பொறுத்துக்கொள்ளவும் செய்தார்கள். என் கவலை அந்தக் 'காரணம்' பற்றியது. வாசகி குழம்பிவிடுவாள் என்று நான் சொல்லவில்லை. கதை அவளுக்குப் பழக்கும் மன்னிப்பு வெளியிலும் தயாராக இருக்கிறது என்கிறேன். 18 வயது கடந்த மனைவியைக் கணவன் வற்புறுத்திக் கூடுவதை, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவும் பலாத்காரம் என்று எண்ணுவதில்லை. அந்த விலக்கை நீக்கச் சொல்லி, பாலியல் குற்றச் சட்டங்களை ஆராய்ந்த நீதிபதி வர்மா குழு 2013இலேயே பரிந்துரைத்தும் அது நீடிக்கிறது. தாலி கட்டிவிட்டால் சம்மதம் கேட்க வேண்டாம் என்று சட்டமும் கதையும் ஒரே குரலில் சொல்லும்போது, கதையையாவது நாம் மாற்றலாம்.

அப்படியானால் தடை கேட்கிறாயா என்றால், இல்லை. தடை யார் கழுத்தில் விழும் என்பதை முத்துப்பழனியின் நூல் காட்டிவிட்டது. ஆபாசத்துக்கும் கலைக்கும் கோடு கிழிப்பதில் நீதிமன்றமே நெடுந்தூரம் நடந்து வந்திருக்கிறது. 1964இல் 'லேடி சாட்டர்லியின் காதலன்' விற்றவரின் தண்டனையை உறுதிசெய்த உச்ச நீதிமன்றம், 1985இல் வங்க நாவலாசிரியர் சமரேஷ் பாசுவின் வழக்கில், கொச்சையாக இருப்பதெல்லாம் ஆபாசம் ஆகாது என்றது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2016இல் எழுத்தாளர் பக்கம் நின்றது. பிள்ளைகள் கையில் சிக்குமே என்ற அச்சம் நியாயமானது. அதற்கு வயது அடையாளமும் வீட்டின் கவனமும் வேண்டும். நாட்டுப்புறப் பாலியல் கதைகளைத் திரட்டிய கி. ராஜநாராயணன், 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்பதையே தலைப்பாக வைத்து அந்தப் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டார்.

தடையில்லாமல் ஓர் எழுத்துவகை மாறுமா என்றால், மாறியிருக்கிறது. 1972இல் அமெரிக்காவில் பெரும் விற்பனை கண்ட கேத்லீன் உட்விஸின் முதல் காதல் நாவலில் நாயகியின் முதல் உடலுறவே வன்புணர்ச்சிதான். அதைச் செய்தவனே பிறகு அவள் காதலன். அந்த அச்சில் ஏராளமான நாவல்கள் வந்தன. வாசகியரும் எழுத்தாளர்களும் தங்களுக்குள்ளேயே வாதாடி, பல ஆண்டுகளில் அந்தக் காட்சியைப் பெருமளவு கைவிட்டார்கள். சூடு குறையாமலே சம்மதம் கதைக்குள் வந்தது. கேட்பதும் இசைவதும் தாமே சுவையான காட்சிகளாயின. தமிழில் தொடர் எழுதும் பெண்கள் இதைச் செய்ய வல்லவர்கள். அவர்களைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். அடுத்த அத்தியாயம் எப்படிப் போக வேண்டும் என்று எழுத்தாளரிடமே சொல்லும் வாய்ப்பு, வாடகை நூல் நிலையத்தில் காத்திருந்த தலைமுறைக்குக் கிடைக்காதது. காமத்தை எழுதுங்கள், தயங்காமல் எழுதுங்கள். நாயகன் கதவைச் சாத்தும் இடத்தில் மட்டும் ஒரு வரி நின்று, அவள் என்ன சொன்னாள் என்பதையும் எழுதுங்கள்.